லிசோனைக் கூப்பிடும் அறை

வழிகாட்டி சோலாஞ் நுழைவுச்சீட்டு கொடுக்கும் அறைக்கு வந்தபோது மதியம் மூன்று மணி. நவம்பர் மூட்டம் கோட்டையைப் பாதிவரை விழுங்கியிருந்தது.

"பதினோரு பேர். எல்லாருக்கும் பேய் அறைதான் வேணுமாம்," என்றான் சீட்டு கிழிக்கும் தியெரி. "நூறு வருஷச் சண்டையைப் பாத்த கோட்டை. அதைப் பத்தி ஒருத்தன் கேக்கல."

"இன்னிக்கு நான் கூப்பிட மாட்டேன், தியெரி."

அவன் சீட்டுக்கட்டை மேசையில் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

பதினாறு வருடங்களுக்கு முன் யாரும் எட்டிப் பார்க்காத கோட்டை இது. முற்றுகையின்போது கோபுரத்தில் ஒளித்து வைக்கப்பட்ட சிறுமி பசியில் செத்தாள் என்று கதை கட்டியவள் சோலாஞ்தான். பேர் என்ன என்று கேட்டார்கள். தொட்டிலில் கிடந்த தன் மகளின் பேர் வாயில் வந்தது. லிசோன். அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அந்த அறையில் நின்று மூன்று தரம் அவளைக் கூப்பிடுவார்கள். வளைந்த கூரை எதிரொலிக்கும். கூட்டம் பெருகியது.

லிசோன் ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள்.

கூப்பிடுவது நிற்கவில்லை.

முந்தாநாள், இறந்தவர்கள் திருநாளில், கல்லறையில் சாமந்தித் தொட்டியை வைக்கும்போதுதான் சோலாஞ்சுக்கு உறைத்தது. தினமும் இத்தனை பேர் கூப்பிட்டால் பிள்ளை எப்படித் தூங்கும்?

சுழல்படிகளில் ஈரக்கல் வாசனை. மேலே அறையில் சோலாஞ் கூப்பிடாமல் நிற்கவும், வந்தவர்களில் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் கேட்டார்: "என்ன மதாம், பேய்க்கு இன்னிக்கு லீவா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்படி ஒரு பொண்ணே இங்க இல்லைங்க. நான் கட்டிவிட்ட கதை. அது என் பொண்ணு பேரு. செத்துப்போயிட்டா. அவ தூங்கட்டும், கூப்பிடாதீங்க."

கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

யாரும் அசையவில்லை. அறை மெல்லக் குளிர்ந்தது. மூச்சு புகையாய் வந்தது.

படிப்பக்கம் ஒரு சின்னக் குரல்.

"அம்மா... ஏன் இன்னிக்குக் கூப்பிடல?"

ஒரு பெண் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"வழி தெரியலம்மா."

சோலாஞ் படிப்பக்கம் திரும்பினாள்.

"கூப்பிடுங்க மதாம்," என்று கிழவர் கிசுகிசுத்தார். "சீக்கிரம், கூப்பிடுங்க."

"லிசோன்!"

கூரை எதிரொலிக்கவில்லை.

"லிசோன்! இங்கதான்டி இருக்கேன்!"

கீழே, படிகள் எல்லாம் முடிந்த பிறகும் இன்னும் கீழே, எங்கேயோ ஒரு குழந்தை அழுதுகொண்டே தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தது.