வறுக்கறது யாரு?

"யோவ்! இன்னாத்தக் கொளுத்திகினு கீற?"

மேனாம்பேட்டு மொட்டை மாடியில் புகை படிந்த புடவையை உதறியபடி கத்தினாள் ராஜகுமாரி. இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம், தகரக் கொட்டகையில் ஒருவன் நிமிர்ந்தான். மழை கட்டிய மேகம் போல் கண்கள்... புதுசாகக் குடிவந்த அழகேசன்.

"காபிக்கொட்டை வறுக்கறேங்க. இதுதான் தொழில்."

"வறுக்கறியா, கருக்குறியா? எறக்குய்யா, வாசம் மாறுது!"

பதறி இறக்கினான். அதையே அரைத்து, வடித்து, டம்ளரில் நீட்டினான். ஒரு வாய்தான்... அவள் மூக்கு சொன்னதை நாக்கும் ஒப்புக்கொண்டது.

மறுநாளிலிருந்து தொழிற்பேட்டைக் கம்பெனியில் வேலை விட்டதும் கால் தானாக அங்கே போனது. பச்சை வாசம் போய், பொரி வாசம் வந்து, வெல்லப்பாகு மணக்கும் நொடியில் "இப்போ!" என்பாள். ஆர்டர் குவிந்தது. தனக்கு எது பிடிக்கும் என்பது இருபத்தாறு வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது, கண்ணுகளா. அவன் பார்வை சட்டியை விட்டுத் தன்மேல் தங்குவதும்...

"நம்ம ஊட்டுப் பொண்ணு காபி வறுக்குறதா?" என்று அம்மா மட்டும் முணுமுணுத்தாள்.

ஒரு ஞாயிறு, கொரட்டூர் ஓட்டல்காரர் வரதன் வந்தார். "யாருப்பா இந்தப் பொண்ணு?"

"பக்கத்து வீடு சார். சும்மா ஒத்தாசைக்கு வருவாங்க."

சும்மாவா? ஒத்தாசையா? கரண்டியை வீசிவிட்டு இறங்கினாள். ஒன்பது நாள் அவள் வீட்டு வாசலில் அவன் வந்து நின்றான். ஒன்பது நாளும் கதவைச் சாத்தினாள்.

பத்தாம் நாள், கொட்டும் மழையில், கருகல் நெடி! ஐயோ, கொட்டை! சொட்டச் சொட்ட ஓடிச் சுவர் தாண்டி அடுப்பை அணைத்தாள். அவனோ கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"வேணும்னே கருக்குனியா?"

"ஆமா. நான் கூப்பிட்டா நீங்க வரலையே..."

"ஒரு கிலோடா பாவி! எவ்ளோ வெயிலு, எவ்ளோ மழ பார்த்து வெளஞ்சிது! மனுசனா நீ?" கண்ணீரே வந்துவிட்டது.

"நீங்கதான் வறுக்கறீங்கன்னு வெளியில தெரிஞ்சா உங்கம்மா உங்களை நிறுத்திடுவாங்கன்னு பயந்துதான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன். தப்புதான். இன்னைக்கு வரதன் சார்கிட்ட, பக்குவம் உங்களோடதுன்னு உண்மையைச் சொல்லிட்டேன். அப்புறம்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

தகரத்தில் மழை இரைந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டியில் புதுக் கொட்டையைக் கொட்டினாள்.

"எனக்கும்தான் பிடிச்சிகீது. அதுக்காவ இன்னொரு தபா கருக்குன, கைய ஒடைச்சிருவேன்! நாளைக்கு எங்கம்மாவாண்ட வா."

"பொண்ணு கேட்கவா?"

"மொதல்ல, வறுக்கறது யாருன்னு அவங்களாண்ட சொல்லு. பொண்ண அப்பால கேளு!"