எஞ்சின் மேல் போர்த்திய கம்பளம்

காலையில் முதல் தடவை சாவியைத் திருப்பியபோதே தாலாய்க்கு அது கேட்டது. எஞ்சின் எப்போதும்போல ஓர் உறுமலோடு பிடித்துக்கொண்டது, சைலன்சரின் வெள்ளைப் புகை கொட்டகைக் கதவைத் தாண்டி முற்றத்துப் பனிமேல் படர்ந்தது. ஆனால் அந்தச் சீரான ஓட்டத்துக்குள், எங்கோ அடியில், இரண்டு குட்டைச் சத்தம், கொஞ்சம் இடைவெளி, பிறகு இழுத்துக்கொண்டே போகிற நீளச் சத்தம் ஒன்று. லொக், லொக். லொ...க். இருபது எண்ணுவதற்குள் மறுபடியும். பெட்ரோல் வண்டி இருமுவது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. பதினெட்டு வருஷமாக அந்த ஊரில் எந்த வண்டி இருமினாலும் அவனிடம்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

ஆனால் இன்றைக்கு இது இருமக் கூடாது. பெர்மெட்டுக்கு ஒன்பதாம் மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. "பத்தாம் தேதிக்குள்ள வந்து படுத்துடணும். வலி வரட்டும்னு வீட்ல உக்காந்திருந்தா அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்று நகரத்து டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். நகரத்துக்கும் ஊருக்கும் நடுவில் கிசில்பெல் கணவாய். சாயங்காலம் பெரும்பனி என்று ரேடியோ சொல்லியிருந்தது. மதியத்துக்குள் கிளம்பினால் உண்டு. இல்லாவிட்டால் பாதையை மூடிவிடுவார்கள், பிறகு என்றைக்குத் திறப்பார்களோ.

எஞ்சினை ஓடவிட்டு, அவன் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். கெட்டுப்போன சிலிண்டரின் வயரைப் பிடுங்கினால் ஓட்டத்தில் மாற்றமே தெரியாது, நல்லதைப் பிடுங்கினால் வண்டி தடுமாறும். நாலையும் பிடுங்கினான். நாலுக்கும் தடுமாறியது. நாலும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. நீளத் திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் வைத்துப் பிடியைக் காதில் அழுத்திக் கேட்டான். வால்வுகளின் டிக்டிக், தண்ணீர் பம்பின் முனகல், டைனமோவின் ரீங்காரம், எல்லாம் சுத்தம். எங்கே வைத்தாலும் சுத்தம். காதை எடுத்தால் மட்டும் அது இருக்கிறது.

கடைசியில் காற்றுக் குழாய் ஒன்றில் முடி அளவுக்கு ஒரு வெடிப்பு கண்ணில் பட்டது. அப்பாடா என்று இருந்தது. மாற்றினான். மறுபடி ஓட்டினான்.

பெர்மெட் டீக்கிண்ணத்தோடு வந்து கதவில் சாய்ந்து நின்றாள். வயிறு முன்னால் வந்தது, அவள் பின்னால் வந்தாள். "ஏங்க, காலையிலேர்ந்து இதோடயே குடும்பம் நடத்துறீங்க. இதையே கட்டிக்க வேண்டியதுதானே, என்னை எதுக்குக் கட்டினீங்க?"

"ஒரு சத்தம் வந்துச்சு. ஹோஸ் மாத்திட்டேன். இன்னும் அஞ்சு நிமிஷம்."

"உங்க அஞ்சு நிமிஷம் தெரியாதா எனக்கு" என்று சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவள் தலையைச் சாய்த்துக் கேட்டு, "நல்லாத்தானே ஓடுது" என்று கிண்ணத்தைத் தகரமேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

லொக், லொக். லொ...க்.

அவளுக்குக் கேட்கவில்லை. பானட்டுக்கு அடியிலிருந்து சூடு ஏற ஏற ஒரு வாசனையும் வந்தது; எண்ணெயும் ரப்பரும் இல்லை, நனைந்த ரோமம் காய்கிற வாசனை, அதற்கும் அடியில் நெஞ்சில் தேய்க்கிற கரடிக் கொழுப்பின் கார நெடி. அந்த நெடி இந்த வீட்டிலிருந்து போய் இரண்டு மாசம் ஆகிறது. அண்ணி சய்கலோடு போனது அது.

அவன் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான்.

கொட்டகை அமைதியானது. சூடான இரும்பு ஆறுகிற டிக், டிக். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர். தெருவில் யாரோ மாட்டை விரட்டும் குரல்.

லொக். லொக்.

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான்.

லொ...க்.

அண்ணன் ருஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்ட அண்ணியை நகரத்துக்குக் கொண்டுபோனது தாலாய்தான். கிசில்பெல் வளைவில் வண்டியில் கடகடவென்று ஒரு சத்தம். மெக்கானிக் ஓட்டுகிற வண்டியில் சத்தமா? அவனுக்குப் பொறுக்கவில்லை. "நிறுத்தாதே தம்பி" என்று பின்சீட்டிலிருந்து அவள் கெஞ்சினாள். "வண்டி ஓடுறப்போ மூச்சு வருது. நின்னா வரமாட்டேங்குது." அவன், "அஞ்சே நிமிஷம் அண்ணி, பார்த்துட்டு வந்துடுறேன்" என்று எஞ்சினை அணைத்துவிட்டு அடியில் படுத்தான். சைலன்சர் பக்கம் ஒரு தகடு ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நாற்பது நிமிஷம் தேடியது அந்தத் தகட்டுக்காக. அவன் படுத்திருந்த நேரம் முழுக்கத் தலைக்கு மேலே இருமல் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம். பிறகு கேட்கவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தான், பாவி.

அவன் பானட்டை மறுபடி தூக்கினான். எஞ்சின்மேல் தடித்த ஆட்டுரோமக் கம்பளம் போர்த்தியிருந்தது. குளிர்காலத்தில் அந்தப் பக்கத்தில் கம்பளம் போர்த்தாத எஞ்சின் கிடையாது. வேலை செய்யும்போதெல்லாம் அதைப் பாதி மடித்து வைத்துவிட்டுத்தான் அவன் வேலை செய்திருக்கிறான். இந்தக் கம்பளம் புதிது, போன வாரம் வெட்டியது. இப்போது அதன் நடுப்பகுதி மெல்ல மேலே எழும்பியது. அடங்கியது.

எஞ்சின் ஓடவில்லை. காற்றும் இல்லை.

அவன் சமையலறைக்குப் போனான். நடந்துதான் போனான், ஓடவில்லை. பெர்மெட் பயணத்துக்கு ரொட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணியைச் சுத்தி எடுத்துட்டுப் போனோமே, அந்தக் கம்பளம்" என்றான், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி. "அதை மூணு ராத்திரி வெளிய போட்டோம்ல?"

"போட்டோமே. நாப்பது கழிஞ்சப்புறம் துவைச்சு நான்தான் கம்பியில போட்டேன். ஏன்?"

இறந்தவரின் துணிமணி மூன்று இரவு நட்சத்திரம் பார்த்தபிறகுதான் மனுஷர்களுக்கு ஆகும். அதுவரை அது இறந்தவருடையது. இது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

"நாலாம் நாள் எடுத்து வெட்டினேன். மூணு ராத்திரி ஆயிடுச்சுல்ல" என்றான் தாலாய்.

அவள் கை நின்றது. "மூணு ராத்திரி ஆச்சுங்க. ஆனா அந்த மூணு நாளும் ஒரே மூட்டமாக் கெடந்துச்சே. பனி கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. நட்சத்திரம் எங்க வந்துச்சு? வானம் தெளியட்டும்னு நீங்க எடுத்து உள்ள வச்சிருக்கீங்கன்னுல்ல நான் இருந்தேன்." அவன் முகத்தைப் பார்த்தாள். "எதுக்கு வெட்டினீங்க?"

"சும்மாதான்" என்றான்.

இரவை எண்ணியவன் நட்சத்திரத்தை எண்ணவில்லை. கம்பளத்தைப் பிடுங்கியபோது அது வெதுவெதுப்பாக, ஆள் படுத்து எழுந்த மெத்தை மாதிரி இருந்தது. கொல்லைக் கம்பியில் விரித்துப் போட்டு, "மன்னிச்சுடுங்க அண்ணி. அவளை விட்டுடுங்க" என்று வாய்விட்டுச் சொன்னான். வெட்கமாக இருந்தது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. திரும்பி வந்து எஞ்சினைக் கிளப்பினான். பத்து நிமிஷம் கேட்டான். இருபது நிமிஷம். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓடியது எஞ்சின்.

மதியம் தாண்டி இரண்டு மணிக்குத்தான் கிளம்பினார்கள்; பாதையை இன்னும் மூடவில்லை. பெர்மெட் புகை போட்டு வண்டியைச் சுற்றினாள். ஊர் எல்லையில் கல்லறைகள் இருக்கும் கபரஸ்தானைக் கடக்கையில் ரேடியோவை அணைத்து, இருவரும் உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். காலையிலிருந்து நிற்க வைத்து ஓட்டியதில் டாங்கில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. கணவாயைத் தாண்டினால் பங்க் இருக்கிறது, அதுவரைக்கும் தாராளமாகக் காணும். மேலே ஏற ஏற வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. அவனுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது. ரொட்டியைப் பிய்த்து அவள் ஊட்டினாள்.

"இந்தாங்க, கையைக் குடுங்க" என்றாள் திடீரென்று. "முழிச்சுக்கிட்டான். என்னமா உதைக்கிறான் பாருங்க."

அவன் கையை இழுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

உள்ளங்கைக்கு அடியில் இரண்டு குட்டை அசைவு. ஓர் இடைவெளி. பிறகு ஒன்று, நீளமாக, இழுத்துக்கொண்டே.

"தெரியுதா?" என்று அவள் சிரித்தாள்.

"ம்."

தொழில் புத்தி போகவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தான். கைக்கு அடியில் அது வேகமானது, அவசர அவசரமாக, மூச்சுக்குத் தவிக்கிற மாதிரி. அழுத்தினான். அடங்கியது. தளர்த்தினான். தவித்தது. அழுத்தினான்.

அழுத்தியபடியே போனான்.

"மெதுவாப் போங்க. வளைவு வருது."

கிசில்பெல் வளைவு. திரும்பியதும் சிவப்பு விளக்குகள். நிலக்கரி லாரிகள், வேன்கள், கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு பக்கம் மலை. ஒரு பக்கம் பள்ளம்.

வேறு வழி இல்லை.

பிரேக்கை மிதித்தான்.

வண்டி நின்றது. கை வயிற்றிலேயே இருந்தது. இரண்டு குட்டை. இடைவெளி. அவன் காத்திருந்தான். எஞ்சின் நின்ற இடத்தில் மென்மையாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் காத்திருந்தான்.

"தூங்கிட்டான்" என்று பெர்மெட் கொட்டாவி விட்டுச் சீட்டில் சாய்ந்தாள்.

அப்போது பானட்டுக்கு அடியிலிருந்து, கம்பளம் இல்லாத வெறும் எஞ்சினிலிருந்து, ஒரு சத்தம் வந்தது. இருமல் இல்லை. மிகச் சின்னது. பால் குடித்த குழந்தைக்கு எடுக்கிற விக்கல் மாதிரி. சீராக. உயிரோடு. கைக்கு அடியில் வயிறு அசையாமல் கிடந்தது.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். நிலக்கரித் தூசி படிந்த முகம், லாரிக்காரர். தாலாய் கண்ணாடியை இறக்கினான்.

"மேல பனி சரிஞ்சு கெடக்கு தம்பி. மிஷின் வந்து தள்ளணும். மூணு மணி நேரமாவது ஆகும். எஞ்சினை அணைச்சிடு, பெட்ரோல் வீணாப் போகுது."

"இருக்கட்டும் அண்ணே" என்றான். குரல் தன்னுடையதாகவே இல்லை.

பெர்மெட் கண்ணைத் திறக்காமல் கையை நீட்டிச் சாவியைத் தேடினாள். "அணைச்சிடுங்களேன். கொஞ்சம் அமைதியாத் தூங்குறேன்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது.