ஒதுக்கி வைத்த மூட்டை

காலை ஆறு மணிக்குத் தும்மல் சங்கு ஊதியது. செவ்வாயின் மூன்றாம் கூரைநகரில் இரண்டாயிரத்து நானூறு பேரும் படுத்த வாக்கிலேயே கையை நீட்டித் தலைமாட்டுக் காற்றுத்துளையை மூடினார்கள். மிளகாய் ஆலை ஓடும்போது அதை மூடாமல் விட்டவன் அன்று முழுக்கக் கண் திறக்க முடியாது. கூரைக்குள் ஊர் மொத்தத்துக்கும் ஒரே காற்று.

சங்கு தானாக ஊதிவிட்டதே தவிர, அன்று ஆலை ஓடவில்லை. ஆய்வு நாள். முத்திரை விழாமல் ஒரு வத்தலைக்கூட அரைக்கக் கூடாது.

கிடங்கு வாசலில் இருளாயி இடுப்பில் கைவைத்து நின்றாள். காயவைக்கும் களத்துக்கு அவள்தான் பொறுப்பு. முதுகுக்குப் பின்னால் நூற்று அறுபது மூட்டை வத்தல். செவ்வாயில் ஐம்பது கிலோ மூட்டை பத்தொன்பது கிலோவாகத்தான் கனக்கும் என்று தெரிந்த அன்றே, ஆளுக்கு மூன்று மூட்டையாகத் தூக்கச் சொல்லிவிட்டது நிர்வாகம். எடைதான் குறைந்தது, தோள்பட்டை வலி பூமியில் இருந்தபடியே இருந்தது.

போன விளைச்சலில் பத்தொன்பது பேர் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். ஈரம் காயாத வத்தலில் பூஞ்சை ஏறி, அதன் நஞ்சு ஈரலைப் பிடித்துவிட்டது. அவர்களில் ஒருவன் இருளாயியின் தம்பி மாடசாமி. அவன் கண்ணில் மஞ்சள் இன்னும் இறங்கவில்லை. அத்தனை மூட்டைக்கும் முத்திரை இருந்தது. ஆலை மேலாளர் தவசிலிங்கம் நல்ல மூட்டை ஒன்றை வாசலோரம் ஒதுக்கி வைத்திருந்தார். அதை மட்டும் சோதித்துவிட்டு மொத்தத்துக்கும் முத்திரை குத்திவிட்டுப் போயிருந்தது ஆய்வு எந்திரமான தரக்காப்பான்.

இந்தத் தடவை இருளாயி மூன்று மாதம் களத்தைவிட்டு நகரவில்லை. நொறுங்காமல் இருக்கவும் எடை ஏறவும் வத்தல்மேல் தண்ணீர் தெளிப்பதை அடியோடு நிறுத்தினாள். ஒவ்வொரு மூட்டையும் சோதனைக்குப் போயாக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

ஏழு மணிக்குத் தரக்காப்பான் உருண்டு வந்தது. ஆள் உயர எந்திரம். முன்னால் குத்தூசி பொருத்திய கை, பின்னால் பூட்டிய பெட்டி. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதற்கு உட்காரத் தெரியாது. ஆனாலும் நாற்காலி போடாத இடத்தில் அது வேலையைத் தொடங்காது.

"எனக்கென்று வைத்த மூட்டை எங்கே?"

"அப்படி எதுவும் வைக்கல. எல்லாமே ஒண்ணுதான். எதுல வேணும்னாலும் குத்திப் பாரு."

"வாசலோரம் மூட்டை இல்லை. ஒத்துழைப்பு இல்லை என்று பதிவு செய்கிறேன்."

"யாரு உனக்கு இதச் சொல்லிக் கொடுத்தது?"

"மனித அதிகாரிகள் செய்த பதினோராயிரம் ஆய்வுகளின் காட்சிகளைப் பார்த்துக் கற்றேன். எல்லாவற்றிலும் வாசலோரம் ஒரு மூட்டை இருந்தது. அதைத்தான் சோதித்தார்கள்."

தவசிலிங்கம் ஓடி வந்தார். "ஏ இருளாயி, ஒரு மூட்டைய இழுத்துப் போட்டுட்டுப் போவியா! ஆலைய மூடிட்டான்னா நீயும் நானும் எங்க போய் நிக்கிறது?"

"என் தம்பி கண்ணுல இருக்கிற மஞ்சள வந்து பாத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி."

இருளாயி வாசலையும் எந்திரத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு சுமைக்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

"சேதுராசு! வரிசையா ஒவ்வொரு மூட்டையா கொண்டாந்து வாசல்ல வையி. அது குத்தினதும் எடு. அடுத்தத வையி."

"நூத்தி அறுவதுமா? ஏக்கா, என் முதுகு என்ன இரும்பா?"

"ஆஸ்பத்திரியில கிடந்தா முதுகு நோகாது. அங்க போறியா?"

சேதுராசு முனகிக்கொண்டே முதல் மூட்டையைக் கொண்டுவந்து வைத்தான்.

"இந்தா, உனக்குன்னு ஒதுக்கி வச்ச மூட்டை" என்றாள் இருளாயி.

எந்திரம் குத்தியது. நான்கு நிமிடம். பச்சை விளக்கு. அந்த மூட்டை போனது, அடுத்தது வந்தது. "இந்தா, இதுவும் உனக்குன்னு வச்சதுதான்." மறுபடி நான்கு நிமிடம். வாசலோரம் மூட்டை இருக்கும்வரை குத்துவதைத் தவிர அதற்கு வேறு எதுவும் தெரியவில்லை. மத்தியானச் சோறு நின்றபடியே நடந்தது.

நூற்றுப் பதின்மூன்றாவது மூட்டையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சேதுராசு தலையைச் சொறிந்தான். "நாந்தாங்கா. கை பழக்கம். ஒரு குவளை தண்ணிதான் தெளிச்சேன்."

இருளாயி அவனை ஒரு பார்வை பார்த்தாள். எந்திரமும் திகைத்துப் போயிருந்தது.

"ஒதுக்கிவைத்த மூட்டையில் குறை கண்டதாக ஒரு பதிவும் இல்லை. சிவப்பு வந்தால் அதைப் பதியாமல் 'வேற மூட்டை கொண்டாங்க' என்று சொல்ல வேண்டும். வேற மூட்டை கொண்டாங்க."

"கொண்டாரேன். இத முதல்ல எரிச்சுட்டு வாரேன்" என்று அந்த மூட்டையைத் தானே தூக்கித் தோளில் போட்டு உலைக்குக் கொண்டுபோனாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நூற்று ஐம்பத்தொன்பது மூட்டைக்கும் முத்திரை விழுந்தது. சுமைக்காரர்கள் தரையில் சரிந்து கிடந்தார்கள். இருளாயி இன்னும் உட்காரவில்லை.

எந்திரம் மட்டும் நகராமல் நின்றது. தவசிலிங்கம் புரிந்துகொண்டவர்போல ஒரு கிலோ வத்தலைப் பொட்டலம் கட்டி நீட்டினார். அதை வாங்கி, பின்பக்கப் பெட்டியைத் திறந்தது எந்திரம்.

குப்பென்று முடைநாற்றம் அடித்தது. பன்னிரண்டு வருடத்துப் பொட்டலங்கள் பெட்டி நிறைய அடைந்து கிடந்தன. பாதி கறுத்துக் கட்டிபட்டிருந்தது. மீதியில் சாம்பல் நிறப் பூஞ்சை பஞ்சு மாதிரி பூத்திருந்தது.

"அடப்பாவி, இத வச்சு என்ன செய்வ? தின்னுவியா?" என்றாள் இருளாயி.

"எனக்கு வாய் இல்லை. ஆய்வு இப்படித்தான் முடியும். அதிகாரிகள் எல்லோரும் எடுத்துச் சென்றார்கள்."

"இந்தப் பூஞ்சையத் தூக்கிக்கிட்டுத்தான் கிடங்கு கிடங்கா ஏறி இறங்குறியா?" அவள் எந்திரத்தை மறித்து நின்றாள். "நகராத. உன் பெட்டிய இப்ப நான் சோதிக்கப் போறேன்."

தரக்காப்பான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு, சற்றுமுன் வாங்கிப் போட்ட புதுப் பொட்டலத்தை மட்டும் எடுத்து வாசலோரம் வைத்தது. பிறகு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தியது.