தோள் மாத்து

விடிந்ததும் துறைமுகக் கொட்டகையில் எடைமேடை ஏறுவதுதான் இருதயராஜின் முதல் வேலை. அப்புறம் பத்து மணி நேரம் நடைச்சக்கரத்தில் ஓட்டம். முன்பு இதே கொட்டகையில் உப்பு மூட்டை சுமந்தவன். இயந்திரக் கைகள் வந்து மூட்டைகளை வாங்கிக்கொண்டன.

இப்போது அவன் சுமப்பது ஹென்ரிக்கை. கடல்தாண்டி எங்கோ இருக்கும் அந்த ஆளை அவன் பார்த்ததே இல்லை. இருவர் தோலுக்கடியிலும் பிணைச்சில்லு என்ற மின்சில்லு இருந்தது. அங்கே தின்பது இங்கே கொழுப்பாக ஏறும். இவன் ஓடிக் கரைக்க வேண்டும். பன்னிரண்டு நாடுகள் இப்படித்தான் இளைத்தன. 'சோம்பலே பருமன்' என்ற பலகையை மட்டும் இங்கே மாட்டியிருந்தார்கள்.

எடைமேடை அலறியது. நூற்றுப் பதிமூன்று.

"என்னவே, யானையை முழுங்கினீரா?" என்றான் மேற்பார்வையாளன் கோமதிநாயகம். "நூத்திப்பத்துக்கு மேல போனா அட்டை ரத்து. தெரியும்லா?"

அட்டை போனால் வேலையும் போகும், அரிசியும் போகும்.

"பக்கத்துச் சக்கரத்துப் புஷ்பத்துக்குக் காய்ச்சல். பத்து நாள் அவ பிணைப்பையும் நான்தான் வாங்கிக்கிட்டேன்."

"யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. மூட்டைக்காரர்களின் வழக்கம் அது. ஒருவன் கால் தள்ளாடினால் அடுத்தவன் பேசாமல் தோள் மாற்றிக்கொள்வான். மூட்டையை இறக்கி வைக்க ஓர் இடம் இருந்தது. கொழுப்புக்கு அது இல்லை என்பதை இருதயராஜ் யோசிக்கவில்லை.

"ஒம்ம எடையை எறக்க ஒரு ஆளக் கைகாட்டும், சில்லு அவங்க மேல ஏத்திரும். அம்பது கிலோவுக்குக் கீழ இருக்கணும். அவங்க சம்மதம் தேவையில்ல."

வரிசையில் ஐம்பதுக்குக் கீழே ஒருத்திதான். காய்ச்சல் தின்று போட்ட புஷ்பம். கன்னம் ஒட்டி, சுவரைப் பிடித்து நின்றாள்.

"என்னையக் காட்டாதீய அண்ணாச்சி," என்றாள். "எந்திரிச்சே ரெண்டு நாள்தான் ஆகு. ஓட முடியாது. நெஞ்சு வெடிச்சிரும்."

"ஒனக்காகத்தான் ஏறுச்சு புஷ்பம்."

"நான் கேட்டனா ஒங்கள?"

கோமதிநாயகம் இருதயராஜின் அட்டையை விரலிடுக்கில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். "சீக்கிரம்வே. பின்னால ஆளு நிக்கி."

இருதயராஜின் கை எழுந்தது. இருபது வருடம் அடுத்தவன் தோளிலிருந்து மூட்டையை வாங்க நீண்ட கை.

புஷ்பம் காறித் துப்பினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. எடைமேடையைப் பார்த்தான். எண் இறங்கத் தொடங்கியிருந்தது. உடம்பு லேசாவது சுகமாகத்தான் இருந்தது.