பசிக்காத வீடு

சின்னமனூரிலிருந்து மலையேறிய ஜீப் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றபோது மதியச் சாப்பாட்டு நேரம்தான். ஆனாலும் மேகமலையின் மூடுபனி இறங்கி எதிர்வீட்டுக் கூரையை மறைத்திருந்தது. தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்திருந்த ஆரோக்கிய பிரபு சாமான்களை இறக்கினான். அவன் மனைவி இவாஞ்சலின் கைக்குழந்தை பிரவீனைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜெயமங்கலத்திலிருந்து கூடையில் கொண்டுவந்த பூனையுடன் உள்ளே போனாள். வெகுநாள் பூட்டிக் கிடந்த வீடு. ஈரச் சுண்ணாம்பு வாடைக்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. அடிப்பிடித்த பால்.

அன்று பூனை சாப்பிடவில்லை.

மிட்டாய் என்று அதற்குப் பெயர். நெத்திலிக் கருவாட்டைச் சுட்டுச் சோற்றில் பிசைந்து வைத்தால் தட்டே தேயும்படி நக்கும். இப்போது முகர்ந்துகூடப் பார்க்காமல் அடுப்படி மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாளும் அப்படித்தான். அடுப்படி ஜன்னலோரம் மட்டும் கிடைத்த சிக்னலில், மலைக்குக் கீழே இருக்கும் கால்நடை டாக்டரிடம் இவாஞ்சலின் போனில் கேட்டாள். இடம் மாறினால் பூனை மிரளும், சோற்றை வெதுவெதுப்பாக வையுங்கள், தட்டை மாற்றுங்கள், வாயில் புண் இருக்கிறதா பாருங்கள், இன்னும் ஒரு நாள் பட்டினி கிடந்தால் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார் அவர்.

எல்லாம் செய்தாள். புண் பார்க்கப் பூனையைத் தூக்கியபோது கை கனத்தது. வயிறு புடைத்திருந்தது.

மீசையில் பாலாடை ஒட்டியிருந்தது.

அந்த வீட்டில் பாலே கிடையாது. டீக்குக்கூடப் பால்பவுடர்தான்.

பக்கத்து வீட்டில் யாராவது ஊற்றியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் பிரபு வேலைக்குப் போனான். அவள் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்து பார்த்தாள். பூனை வெறும் மூலையைப் பார்த்துத் தலையை உயர்த்தியது. யாரோ தடவிக் கொடுப்பதுபோல் அதன் காதுகள் பின்னால் மடிந்தன. பிறகு குனிந்து நக்க ஆரம்பித்தது.

ளக். ளக். ளக்.

அருகே போய்த் தொட்டுப் பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது.

கொழுந்து மூட்டையோடு வாசலைக் கடந்த பாண்டீஸ்வரியை நிறுத்தி, இந்த வீட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டாள். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான அடுத்த லயத்துக்காரி அவள். நின்றாளே தவிர, வாசற்படியை மிதிக்கவில்லை.

"சண்முகத்தாய்னு ஒருத்தவுக இருந்தாக. பிள்ளை பட்டினியில போயிருச்சு, பின்னாலயே அவுகளும் போயிட்டாக." குரலைத் தாழ்த்தினாள். "இங்கன பசியோட யாரையும் விடமாட்டாக, ஆத்தா. கைப்பிள்ளைய வச்சிருக்க. பாத்துக்க."

இவாஞ்சலின் உள்ளே ஓடினாள். தொட்டிலில் பிரவீன் விழித்துக்கிடந்தான். பால் குடிக்கும் நேரம் தாண்டியும் அழவில்லை. மார்போடு அணைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி அணைத்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டான்.

குழந்தையின் வாயருகே முகர்ந்தாள்.

அடிப்பிடித்த பால்.

அன்றைக்கே ஜீப் பிடித்துக் கிளம்பிவிட்டாள். சேர்ந்த வாரமே லீவு கேட்க முடியாது என்றான் பிரபு. குழந்தைக்குச் சளியாக இருக்கும், ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்றும் சொல்லிப் பார்த்தான். அவனையும் வரச்சொல்லிக் கெஞ்சினாள். வரவில்லை. பூனையைக் கூடையில் போட எடுத்தபோது அது அவள் கையைக் கீறிவிட்டு மூலைக்கே ஓடியது. விட்டுவிட்டாள்.

கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் முடிந்து வெயில் தெரிந்த இடத்தில் பிரவீன் வீறிட்டு அழுதான். பசி அழுகை. சேலைத் தலைப்புக்குள் அவன் ஆவலாய்க் குடிக்கக் குடிக்க, மாதாவே மாதாவே என்று அவளும் அழுதாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாக ஓட்டினார்.

ஜெயமங்கலத்துக்குப் போய்ச் சேர்ந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் பிரபுவைப் போனில் கூப்பிட்டாள். கிளம்பும்போதே ஃபேக்டரி கேண்டீனில் சொல்லிவைத்திருந்தாள், வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பச் சொல்லி.

"கேண்டீன் சாப்பாடு வந்துச்சாங்க?"

"வந்துச்சு. வேணாம்னு அனுப்பிட்டேன். பசிக்கல." அவன் குரல் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல் இழுத்தது. "சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"என்ன சாப்பிடுறீங்க?"

"பால்சோறு."

பாலைக் கண்டாலே குமட்டுகிற ஆள் அவன். கல்யாணத்தன்றுகூட டம்ளரைத் தொட மறுத்தவன்.

"யாருங்க போட்டா?"

கரண்டி ஒன்று சட்டியின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. வெகு அருகில். அதன்பின் அவன், போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேறு யாரிடமோ மெல்லச் சொன்னான்:

"போதும்த்தா. வயிறு நெறைஞ்சிருச்சு."

கரண்டிச் சத்தம் நிற்கவில்லை.