இடது முன் சக்கரம்

"ஐயோ... சக்கரம்...!"

அலறியது ஒரு குரல் அல்ல. நாலாயிரம் குரல்கள்!

பச்சை விளக்கு எரிந்து மூன்றே வினாடி. 1964-ஆம் வருஷத்து சிவப்பு பிளிமத் கார், வழக்கம் போல மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. முன் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின.

இறங்கியபோது ஒன்றுதான் இருந்தது!

இடது முன் சக்கரம் தனியாக உருண்டு, வேலியைத் தாண்டி, பாதாம் தோட்டத்துக்குள் போய் மறைந்தது. வண்டி கான்கிரீட் சுவரில் மோதியது. இரண்டு முறை புரண்டது. நின்றது.

உள்ளே வெர்லன் டாக்கெட். வயது எழுபது. பேக்கர்ஸ்ஃபீல்ட் வட்டாரத்தில் அவரைப் பிடித்தவர் ஒருத்தரும் இல்லை. அவருடைய வண்டியைப் பிடிக்காதவரும் ஒருத்தரும் இல்லை.

ஆம்புலன்ஸ் ஆட்கள் ஓடினார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் அவசரப்படவில்லை.

"கொன்னுட்டான்... பாவி கொன்னுட்டான்...!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் லவோன். வெர்லனின் மனைவி. அறுபத்தாறு வயது. கைகளில் முழங்கை வரை வெள்ளை உறை. கண்காட்சி, ரேஸ் என்று வரும்போதெல்லாம் அதைப் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். அந்த வெள்ளை விரல் நீண்டு, வேலியோரம் நின்ற ஒருவரைக் காட்டியது.

"இவன்தான்! இந்த ஓடெல் க்ரம்தான்! காலையில என் புருஷன் வண்டி சக்கரத்துக்கிட்ட இவன் உக்காந்திருந்தான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

ஓடெல் க்ரம் கையிலிருந்த மாட்டிறைச்சி சாண்ட்விச்சை ஒரு கடி கடித்தார். மென்றார்.

"கெழவிக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு," என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பிளிமத் ரசிகர்கள் ஒரு பக்கமிருந்து வந்தார்கள். ஓடெலின் செவர்லே கூட்டம் மறுபக்கமிருந்து வந்தது. முதல் நாற்காலி பறந்தது!

மார்ச் மாதம் பழைய வண்டி ரேஸ் என்றால் இங்கே கைகலப்பு சகஜம். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டது மட்டும் இதுதான் முதல் தடவை. வெட்கம் கெட்டவர்கள்!

* * *

கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்து போலீஸ் சார்ஜன்ட் மைட்டே எச்செவெரி நொறுங்கிய பிளிமத்தின் பக்கத்தில் மண்டியிட்டாள். ஆட்டுப் பண்ணைக்காரர் வீட்டுப் பெண். முகத்தில் சிரிப்பு என்பது வருஷத்துக்கு இரண்டு தடவை.

சக்கரம் இல்லாத இடத்தில் ஐந்து போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. விரலால் ஒவ்வொன்றையும் தடவினாள்.

"கில்..."

"மேடம்!" தலைப்பாகையைச் சரிசெய்தபடி ஓடி வந்தான் டெபுடி கில்.

"போல்ட்டு ஒண்ணுகூட முறியல. மரை தேயல. நட்டு அஞ்சும் தானாக் கழண்டு போயிருக்கு. முன்கூட்டியே எவனோ லூஸ் பண்ணி வெச்சிருக்கான்."

"நேத்து சாயங்காலம் செக்கிங்ல எல்லா நட்டும் டைட்டா இருந்திருக்கு மேடம். எழுதி வெச்சிருக்காங்க."

"அப்ப ராத்திரிக்கும் ரேஸுக்கும் நடுவுல. அந்த சாண்ட்விச் ஆளைக் கூட்டிட்டு வா. அவன் வேன்ல ஸ்பேனர் இருந்தா அதையும் எடுத்துட்டு வா."

* * *

ரேஸ் பாதையைப் பார்த்து நின்ற அறிவிப்பாளர் கோபுரத்தின் கீழே டிக்கெட் அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி.

"உக்காருங்க க்ரம்."

"நிக்கிறதுதான் எனக்குச் சௌகரியம்."

"உக்காருய்யா!"

உட்கார்ந்தார். எழுபத்தொரு வயது. செவர்லே படம் போட்ட தொப்பி. 1955 செவர்லே ஒன்றைத் துருப்பிடித்த தகரக் குவியலாக வாங்கி, பதினொரு வருஷம் உழைத்துக் கண்ணாடியாக்கி வைத்திருப்பவர். ஐம்பது வருஷமாகத் தான் எந்தப் பிளிமத்தின் கதவைக்கூடத் தொட்டதில்லை என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்பவர்.

"வெர்லன் செத்ததுல வருத்தமா?"

"சந்தோஷம்னு சொன்னா நீ பிடிச்சு உள்ள போடுவே. வருத்தம்னு சொன்னா எங்க ஆளுங்களே நம்ப மாட்டாங்க. எதைச் சொல்லட்டும்?"

"உண்மையச் சொல்லு. காலையில ஆறரை மணிக்கு அவன் வண்டிக்கிட்ட உனக்கு என்ன வேலை?"

"நான் அங்க போகவே இல்ல."

"பனிமூட்டத்துல யாரும் பாக்கலைன்னு நெனச்சியா?"

"அந்தக் கெழவி சொல்றத நம்புறியா? அவளுக்கு ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் சொல்லல, அவ புருஷனே சொன்னான். நேத்து கண்காட்சியில முதல் பரிசு வாங்கிட்டு மைக்கப் பிடிச்சு நாலாயிரம் பேர் முன்னாடி சொன்னான். எல்லாரும் சிரிச்சோம். அவளும்தான் சிரிச்சா!"

கதவு திறந்தது. கில் உள்ளே வந்து ஒரு பிளாஸ்டிக் பையை மேஜை மேல் வைத்தான். உள்ளே நீளப் பிடி போட்ட வீல் ஸ்பேனர். அதன் வாயில் சிவப்புப் பெயின்ட் துணுக்கு.

பிளிமத்தின் சிவப்பு!

ஓடெலின் தாடை தொங்கிப்போனது. இத்தனை நேரம் இருந்த திமிர் எங்கே போனதோ தெரியவில்லை.

"மேடம்..."

இப்போதுதான் 'மேடம்' வந்தது.

"கொல்லணும்னு இல்ல மேடம்! சத்தியமா இல்ல! ரேஸுக்கு முன்னாடி தண்ணியில டயரைச் சுத்திப் புகை விடுவோம்ல... அங்கயே சக்கரம் ஆடும். எல்லார் முன்னாடியும் அசிங்கப்பட்டு வண்டியத் தள்ளிட்டுப் போவான். அவ்வளவுதான் நெனச்சேன்... அது அங்க ஆடாம... கடைசியில..."

தொப்பியைக் கழற்றி முகத்தில் பொத்திக்கொண்டார்.

"கொலைகாரனாயிட்டேனே...! இந்த வயசுல ஜெயிலுக்குப் போனா, பொணமாத்தானே வெளிய வருவேன்!"

எச்செவெரிக்கு அவர் மேல் ஒரு துளி இரக்கம் வரவில்லை. இப்படி ஒரு கேவலமான வேலை செய்தவனுக்கு ஏன் வர வேண்டும்?

"எத்தனை நட்டு?"

"இடது முன் சக்கரத்துல அஞ்சும்."

"விரலாலயே கழட்டிட்டியா?"

"விரலாலயா? அப்பா... என்ன இறுக்கம்! ரெண்டு கையும் போட்டு, முழு பலத்தையும் குடுத்தாத்தான் ஒவ்வொண்ணும் கொஞ்சம் நகர்ந்துச்சு. தோள்பட்டை இன்னும் வலிக்குது."

எச்செவெரியின் பேனா நின்றது.

"எந்தப் பக்கம் திருப்பினே?"

"என்ன கேள்வி இது? பொறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். கடிகாரம் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கம்!"

பேனாவை மூடிவிட்டு எழுந்தாள்.  

"கில்! இவனை இங்கயே வெச்சிரு. கண்ணை எடுக்காதே."

"எங்க போறீங்க மேடம்?"

"துக்கம் விசாரிக்க."

* * *

லவோன் தன் வேன் வாசலில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பிளிமத் கூட்டம். யாரோ கையில் காப்பிக் கோப்பை கொடுத்திருந்தார்கள்.

"பிடிச்சிட்டீங்களா அவனை?"

"பிடிச்சாச்சும்மா. ஒத்துக்கிட்டான்."

கூட்டத்தில் ஒரு உறுமல். "தூக்குல போடுங்க அவனை!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எச்செவெரி அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். "கோர்ட்டுல கேப்பாங்க, அதனால ஒரே ஒரு விஷயம். அவன் ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினான்னு ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கே!" வெள்ளை உறை போட்ட கை எழுந்தது. காற்றில் சுற்றிக் காட்டியது. "இப்படி. கடிகாரம் சுத்துற பக்கம்."

"நிச்சயமா?"

"நான் பத்தடி தூரத்துல நின்னேன். பைபிள் மேல கை வெச்சு சொல்லுவேன். கடிகாரம் சுத்துற பக்கம்!"

"அவன் எதிர்ப்பக்கம்னு சொல்றானே?"

"பொய் சொல்றான்!"

"எதுக்கு? நட்டை லூஸ் பண்ணினேன்னு அழுது ஒத்துக்கிட்டவன், பக்கத்த மட்டும் ஏன் மாத்திச் சொல்லணும்?"

லவோன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனாள். காப்பியை உறிஞ்சினாள்.

"என் அப்பாகிட்ட ஒரு பழைய டாட்ஜ் டிரக் இருந்துச்சு," என்றாள் எச்செவெரி. "பதினாறு வயசுல அதோட இடது பக்க டயரை மாத்தப் போயி, ஒரு போல்ட்டையே முறிச்சேன். வாங்குன அடி இன்னும் மறக்கல. அந்தக் காலத்து டாட்ஜ், பிளிமத் ரெண்டும் ஒரே கம்பெனி. வலது பக்க நட்டு ஊர் உலகத்துல இருக்கிற மாதிரிதான். இடது பக்கம் மட்டும் மரை தலைகீழ்! கடிகாரம் சுத்துற பக்கம் திருப்பினாத்தான் கழலும். எதிர்ப்பக்கம் திருப்பினா..."

"...டைட் ஆகும்," என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஆமா! ஓடெல் ஐம்பது வருஷமாப் பிளிமத்தைத் தொடாத ஆளு. தெரியாம, முழு பலத்தோட டைட் பண்ணிட்டுப் போயிருக்கான். அவன் போனப்ப அந்தச் சக்கரம் கல்லு மாதிரி நின்னுட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் தெரிஞ்ச கை ஒண்ணு வந்திருக்கு."

பிளிமத் கூட்டம் தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெரிந்த கைகள் அங்கே நாற்பது இருந்தன!

"விவரம் தெரியாதவங்க பாத்திருந்தா, பாத்ததை அப்படியே சொல்லியிருப்பாங்க," எச்செவெரி நிதானமாகத் தொடர்ந்தாள். "எதிர்ப்பக்கம்னு சொன்னா ஓடெல் தப்பிச்சிருவான்னு தெரிஞ்ச ஒருத்தருக்குத்தான் மாத்திச் சொல்ல வேண்டிய அவசியம்."

"எனக்கு என்ன தெரியும்?" லவோன் சிரித்தாள். "எனக்குத்தான் ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாதே. ஊருக்கே தெரியும்."

"அதுவும் சரிதான்." எச்செவெரி எழுந்தாள். முழங்காலில் ஒட்டிய புழுதியைத் தட்டினாள். "வேற யாராவதுதான் இருக்கணும். மன்னிச்சுக்குங்க. ஆமா, சாயங்காலம் மைக்கில இரங்கல் சொல்லப் போறாங்களாம். 'இந்த வண்டியப் பத்தொன்பது வருஷம் தனி ஆளா, தன் கையால புதுப்பிச்ச மாமேதை வெர்லன் டாக்கெட்'னு எழுதி வெச்சிருக்காங்க. ரேஸ் பாதையோரம் அவர் பேர்ல ஒரு கல்லும் நடப் போறாங்க."

இரண்டடி நடந்தாள்.

மூன்றாவது அடி வைக்கவில்லை.

"மாமேதையா...?"

காப்பிக் கோப்பை தரையில் விழுந்து உருண்டது.

"தன் கையாலயா?!" லவோன் எழுந்து நின்றாள். குரல் நடுங்கியது. அழுகையில் இல்லை, ஆத்திரத்தில்! "அந்த ஆளுக்கு அந்த வண்டியில தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். ஆக்ஸிலரேட்டர்! எஞ்சினைப் பிரிச்சுக் கோத்தவ யாரு? கியர் பாக்ஸை நெஞ்சு மேல தாங்கி ஏத்தினவ யாரு? இதைப் பாருங்கடா!"

வெள்ளை உறைகளைப் பிடுங்கி எறிந்தாள்.

உள்ளே இருந்தவை மெக்கானிக்கின் கைகள். நகக்கண் எல்லாம் கருப்பு. முழங்கை வரை சூட்டுத் தழும்பு. இடது சுண்டுவிரலில் பாதி இல்லை.

"பொம்பள கட்டின வண்டின்னு தெரிஞ்சா கேவலம்னு பத்தொன்பது வருஷமா உறை போட்டு விட்டான். போட்டுக்கிட்டேன். 'வண்டி என்னுது, பேரு அவனுது, போகட்டும்'னு இருந்தேன். நேத்து... நாலாயிரம் பேர் முன்னாடி... ஸ்பூனாம்!"

மூச்சு வாங்கியது.

"காலையில இந்த ஓடெல் மடையன் வந்தான். முக்கி முக்கி டைட் பண்ணிட்டு, வேர்வையத் தொடைச்சிக்கிட்டுப் போனான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம்... யோசனை வந்துச்சு."

"ரேஸுக்கு முன்னாடி வெர்லன் நட்டை ஒரு தடவை செக் பண்ண மாட்டாரா?"

"பண்ணச் சொல்லுவான். என்கிட்ட!"

யாரும் அவளைத் திட்டவில்லை. பிளிமத் கூட்டத்தில் சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். அது வெர்லனுக்காக இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

விலங்கு மாட்டும்போது அவள் நொறுங்கிய வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"முன் பம்பரை மெதுவாக் கழட்டச் சொல்லுங்கம்மா," என்றாள். "அசல் பம்பர். எங்கயும் கிடைக்காது."

முதல் தடவையாக அவள் கண்ணில் நீர் வந்தது.

* * *

டிக்கெட் அறை.

எச்செவெரி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஓடெல் க்ரம் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப... நான் கொல்லல?"

"இல்ல."

"ஜெயில் இல்லையா?"

"கெடுதல் பண்ணப் போனதுக்கு ஒரு வழக்கு உண்டு. ரேஸ்ல வாழ்நாள் தடை. ஆனா கொலைப் பழி இல்ல. போதுமா?"

ஓடெலின் முகத்தில் உயிர் வந்தது. உடனே போய்விட்டது.

"ஒரு நிமிஷம் மேடம். கோர்ட்டுல... நான் என்ன பண்ணேன்னு விலாவாரியா படிப்பாங்களா?"

"படிப்பாங்க. பேப்பர்லயும் வரும். பிளிமத் சக்கரத்தோட அஞ்சு நட்டையும் நீ அருமையா டைட் பண்ணிக் குடுத்தேன்னு."

ஓடெல் க்ரம் இரண்டு கைகளையும் விலங்குக்காக மேஜை மேல் நீட்டினார்.

"கொலைன்னே எழுதிக்குங்க மேடம்... பிளிமத்துக்கு வேலை பாத்தேன்னு தெரிஞ்சா எங்க ஆளுங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?!"