படிக்க மட்டும்

மேலாளர் ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. வாசல் பலகைக்கு மட்டும் இன்னும் தகவல் போகவில்லை. கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போன என்னை, வேலை கேட்டு வந்தவனைப் போலக் கால் மணி நேரம் நிற்க வைத்தார். காலை பதினொரு மணிக்கே வீடு இருட்டியிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. நாள்பட மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தாற்போல ஒரு வாடை.

"முன்னறையில என் கம்ப்யூட்டர், பின்னறையில என் சம்சாரத்தோடது. ஒயர் போட்டு இணைச்சிருந்தோம். என் சுயசரிதை இருக்கிற ஃபோல்டரை அவளுக்கும் ஷேர் பண்ணி வெச்சிருந்தேன்."

"நல்ல விஷயம் சார்."

"படிக்க மட்டும்."

நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். மனைவி எல்லாவற்றையும் படிக்கலாம். ஒரு புள்ளி வைக்க முடியாது.

"ஒரே ஒரு வரி சேர்க்கணும், திறந்து விடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. ஒத்த விரலால தட்டுறவளுக்கு எழுத்து எதுக்குடின்னேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப அவளுக்கு எழுத அனுமதி குடுங்க தம்பி."

"என்ன வரின்னு அம்மாகிட்ட கேட்டு, நீங்களே சேர்த்துடலாமே சார்?"

"அவ போய் ரெண்டு மாசம் ஆச்சு."

நான் எழுந்து பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் மேல் பூப்போட்ட உறை. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். இணைப்பு ஒயரும் கழன்று கிடந்தது.

சரி, பெரியவர் மனசு ஆறட்டும். முன்னறைக்குத் திரும்பி, அந்த அம்மாவின் பெயருக்கு நேரே 'எழுதலாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

பின்னறையில் ஒரு சத்தம்.

டக்.

சற்று விட்டு இன்னொன்று. டக்.

ஒற்றை விரல்.

"கேக்குதா சார்?" என்றேன்.

மேலாளர் சுயசரிதையைத் திறக்கப் போனார். திரையில் ஒரு பெட்டி வந்து மறித்தது: 'இந்தக் கோப்பில் வேறொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார். நீங்கள் படிக்க மட்டும் முடியும்.'

நாற்பது வருஷம் ஓர் அலுவலகத்தையே தன் கையெழுத்துக்குக் காக்க வைத்த மனிதர், "சரிம்மா" என்றார்.

சத்தம் நின்றது.

கோப்பு நேராக நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் திறந்தது. பதவி உயர்வு கிடைத்த வருஷம். மாலை, பொன்னாடை, யார் யார் எவ்வளவு நேரம் புகழ்ந்தார்கள் என்பதுவரை பதினோரு பக்கம். அதற்குக் கீழே ஒரு புது வரி.

'அதே வாரம் நமக்கு ஒரு பெண் பிறந்தாள். மூன்று நாள் இருந்தாள்.'

"நான் பார்க்கப் போகலை தம்பி" என்றார், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "பாராட்டு விழா இருந்துச்சு."

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். திரும்பிப் பார்த்தால் பின்னறைக் கதவு திறந்திருந்தது. பூப்போட்ட உறை, அழகாக மடித்து, நாற்காலியின் முதுகில் தொங்கியது.

முன்னறையில் மேலாளர் யாரிடமோ தணிந்த குரலில் கேட்டார்:

"அவளுக்கு என்ன பேரும்மா வெச்ச?"

பின்னறையில் மறுபடி அந்தச் சத்தம்.

டக்.